நம்ம வீடு, எங்க வீடு

"பாட்டி, நாங்க சாப்பிடலாம்."

என் மாணவி இதைச் சொன்னதும், சாப்பாட்டு மேசைக்கு அருகில் வந்துகொண்டிருந்த பாட்டி அப்படியே நின்றார். பிறகு திரும்பிப் போய் சோபாவில் உட்கார்ந்துகொண்டார். "சரிட்டீ, நீங்க சாப்பிடுங்க. நாங்க பெறகு பாத்துக்கிடுதோம்" என்றார். குரலில் கோபம் எதுவுமில்லை. இந்த ஊரில் வீட்டுக்காரர்கள் முதலில் சாப்பிடுவார்கள் போலிருக்கிறது என்று நினைத்திருக்கிறார். பதினைந்து மணி நேரத்துக்கு மேல் பயணம் செய்து பசியோடு வந்தவர். மாணவி ஒன்றும் புரியாமல் கையில் கரண்டியோடு நின்றாள். நான் சமையலறையில் ரசத்தை இறக்கிக்கொண்டிருந்தேன். வெளியே வந்து பார்த்தால் மேசையில் எட்டுத் தட்டுகள், யாரும் உட்காரவில்லை.

வார்சாவில் தமிழ் சொல்லிக்கொடுக்க வந்த எனக்கு அந்த டிசம்பர் முழுவதும் இந்த ஒரு சொல்லைச் சுற்றியே போனது. 

அந்தப் பாட்டியின் மகன், எங்கள் ஊர்ப் பக்கத்துக் கல்லூரி ஒன்றில் என்னோடு பத்து வருடம் வேலை பார்த்த சக ஆசிரியர். மூன்று வார ஆய்வுப் பயணமாக வார்சா வந்தார். அவர் வந்த காரணம் வாண்டா தினோஃப்ஸ்கா. இந்தப் பெயரைத் தமிழ்நாட்டில் கேள்விப்பட்டவர்கள் குறைவு, எனக்கு அதில் வருத்தம் உண்டு. 1888-ல் பிறந்த போலந்துப் பெண். 1935-ல் இந்தியா வந்தார், உமாதேவி என்ற பெயரோடு வாழ்ந்தார், ரமணரின் அடியார். 1944-ல் மாரிஸ் ஃப்ரீட்மனோடு சேர்ந்து சென்னையில் போலந்து-இந்திய நூலகம் என்ற பதிப்பு வரிசையைத் தொடங்கினார். இந்திய நூல்களைப் போலிஷ் மொழியில் கொண்டுவந்தார், அதில் குறளும் உண்டு. 1971-ல் மைசூரில் இறந்தார். அவர் மொழிபெயர்ப்புகளைத் தேடித்தான் நண்பர் வந்தார்.

வரும்போது மனைவி, ஒன்பது வயது மகள், ஐந்து வயது மகன், அம்மா எல்லோரையும் அழைத்து வந்தார். "அம்மா இதுவரை சென்னையைத் தாண்டினதில்ல மேடம். இப்ப கூட்டிட்டு வரலேன்னா எப்பவும் முடியாது" என்று போனில் சொன்னார். ஏற்பாடு செய்திருந்த தங்குமிடம் கடைசி வாரத்தில் கைவிட்டுப் போனது. என் வீடு இரண்டு அறை, மொத்தம் நாற்பத்தெட்டு சதுர மீட்டர். வேறென்ன செய்ய, நேரே இங்கே வந்துவிடுங்கள் என்றேன்.

மறுநாள் வகுப்பில் இதைச் சொன்னேன். பேச்சுப் பயிற்சிக்காக ஒரு செய்தியாகத்தான் சொன்னேன். அன்று மாலையே மாணவர்கள் நான்கு பேர் என் வீட்டுக் கதவைத் தட்டினார்கள். முகாமுக்குப் போகும்போது விரிக்கும் பாய்கள், கம்பளிகள், தலையணைகள், ஒரு மடக்குக் கட்டில். ஒருத்தி பையிலிருந்து ஐந்து ஜோடி வீட்டுச் செருப்புகளை எடுத்து வாசலில் வரிசையாக வைத்தாள். அளவுகூடக் கேட்டுவைத்திருந்தாள். போலந்தில் வாசலில் காலணியைக் கழற்றிவிட்டுத்தான் வீட்டுக்குள் வருவார்கள். வருபவர்களுக்குக் கொடுக்க வீட்டுச் செருப்பு எப்போதும் தயாராக இருக்கும். நம் ஊரில் கால் கழுவத் தண்ணீர் வைப்போமே, அதுபோலத்தான்.

முதல் இரவு விருந்துக்கு அந்தச் செருப்புக்காரியும் இன்னொரு பையனும் உதவிக்கு நின்றார்கள். அப்போது நடந்ததுதான் மேலே சொன்ன கதை.

மேசையில் எல்லோரையும் உட்காரவைத்துவிட்டு அவளிடம் மெதுவாகச் சொன்னேன். "நாங்க என்றால் பாட்டி இல்லாமல். நாம என்றால் பாட்டியையும் சேர்த்து." முகம் சிவந்துவிட்டது. மூன்று முறை மன்னிப்புக் கேட்டாள். போலிஷ் மொழியில் இரண்டுக்கும் ஒரே சொல்தான், 'மி'. ஐரோப்பாவின் பெரும்பாலான மொழிகளில் அப்படித்தான். கேட்பவரைச் சேர்த்துக்கொள்கிறோமா, வெளியே விடுகிறோமா என்று ஒவ்வொரு முறை வாய் திறக்கும்போதும் தமிழ் நம்மைத் தீர்மானிக்க வைக்கிறது. முதல் பருவத்திலேயே கரும்பலகையில் கட்டம் போட்டு இதைக் கற்பித்திருந்தேன். தேர்வில் எல்லோரும் சரியாக எழுதினார்கள். பசியோடு ஒரு பாட்டி திரும்பிப் போய் உட்கார்ந்த பிறகுதான் அந்தக் கட்டத்தின் அர்த்தம் அவளுக்கு உறைத்தது. எனக்கும்தான்.

இந்த மாணவர்களைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். இலக்கணத்தில் இவர்கள் கெட்டி. போலிஷ் மொழியில் ஏழு வேற்றுமைகள் உண்டு, அதனால் நம் வேற்றுமை உருபுகளைக் கண்டு பயப்படுவதே இல்லை. ஆல், ஓடு, இல் எல்லாம் ஒரு வாரத்தில் முடிந்துவிடும். உயர்திணை, அஃறிணை சொல்லிக்கொடுத்த அன்று ஒரு மாணவி எழுந்து தன் மொழியில் உள்ளதைச் சொன்னாள். போலிஷ் மொழியின் பன்மையில் ஆண்கள் இருக்கும் கூட்டத்துக்கு ஒரு வினைமுடிவு, மற்றதெல்லாவற்றுக்கும் இன்னொன்று. அந்த மற்றதில் பெண்கள், குழந்தைகள், பூனை, நாற்காலி எல்லாம் அடக்கம். "தமிழில் பெண்கள் உயர்திணையா?" என்று கேட்டுவிட்டு, ஆம் என்றதும் நோட்டில் அடிக்கோடு போட்டுக்கொண்டாள். 

அவர்களுக்குக் கஷ்டம் வீட்டுப் பேச்சு. பாடப்புத்தகத் தமிழில் பத்திக் கணக்கில் எழுதுவார்கள். யாராவது "எங்கிட்டு போறே?" என்றால் நின்றுவிடுவார்கள். வந்த மறுநாள் காலை ஒரு மாணவன் பாட்டியிடம் "தங்கள் பயணம் எவ்வாறு இருந்தது?" என்று கேட்டான். பாட்டி என்னிடம் திரும்பி, "இந்தப் பிள்ள ரேடியோவுல சேதி வாசிக்குத மாரில்லா பேசுது" என்றார். அவனைக் கிட்டே கூப்பிட்டு உட்காரவைத்து, "எப்படி வந்திய பாட்டி, அலுப்பா இருக்கான்னு கேளு" என்று சொல்லிக்கொடுத்தார். அவன் அதையே பத்து முறை சொல்லிப் பார்த்தான். நெல்லைத் தமிழ் அப்படியே அவன் நாக்கில் ஒட்டிக்கொண்டது. போன மாதம்கூட என்னிடம் "எப்ப வந்திய?" என்றுதான் கேட்டான்.

அன்றிலிருந்து புதன்கிழமைப் பேச்சு வகுப்பை வீட்டுக்கு மாற்றிவிட்டேன்.

முதலில் வந்த சிக்கல், பாட்டியை எப்படிக் கூப்பிடுவது என்பது. போலிஷ் மொழியில் தெரியாத பெரியவரிடம் பேசும்போது 'அம்மையார் தேநீர் குடிக்கிறாரா?' என்று படர்க்கையில் கேட்பதுதான் மரியாதை. ரத்த உறவில்லாத ஒருவரைப் பாட்டி என்று அழைத்தால் உரிமை மீறல் ஆகாதா என்று கேட்டார்கள். எனக்கு அந்தக் கேள்வி பிடித்திருந்தது. விளி என்பதை எட்டாம் வேற்றுமையாக எண்ணி, அதற்கென்று ஓர் இயலையே ஒதுக்கியவர் தொல்காப்பியர். போலிஷ் மொழியிலும் விளிக்குத் தனி வடிவம் உண்டு. பாட்டிக்கு அவர்கள் சொல் பாப்ச்யா, கூப்பிடும்போது பாப்ச்யு. கூப்பிடுவதற்கென்று சொல்லையே மாற்றும் இரண்டு மொழிக்காரர்கள் சந்தித்துக்கொண்டிருக்கிறோம், பயப்படாமல் கூப்பிடுங்கள் என்றேன். அன்று மாலைக்குள் பாட்டி, அக்கா, சார் என்று எல்லாம் சரளமாகிவிட்டது. பாட்டி அவர்களைப் பேர் சொல்லி அழைக்கவே இல்லை. பையன்கள் எல்லோரும் "யய்யா", பெண்கள் எல்லோரும் "ஏட்டி".

சமையலறையில் இன்னொரு வகுப்பு நடந்தது. டிசம்பர் வார்சாவில் மூன்றரை மணிக்கே சூரியன் மறைந்துவிடும். வெளியே பனி. இட்லி மாவு முதல் முறை புளிக்கவே இல்லை. நண்பரின் மனைவி மாவுப் பாத்திரத்தைத் துணியில் சுற்றி, அறையைச் சூடாக்கும் வெந்நீர்க் குழாய்ப் பலகைக்குப் பக்கத்தில் வைத்தார். விடிவதற்குள் பொங்கி வழிந்தது. அதைப் பார்த்த மாணவி தன் வீட்டிலும் அதே இடத்தில் ஒரு கண்ணாடி ஜாடி இருக்கும் என்றாள். ரை மாவைத் தண்ணீரில் கரைத்துப் பல நாள் புளிக்கவைத்து அதில் ஜூர் என்ற சூப் செய்வார்களாம். அடுத்த நாள் ஜாடியோடு வந்தாள். பாட்டி மூடியைத் திறந்து மோந்து பார்த்துவிட்டு, "நம்ம கூழு" என்றார். அதற்குமேல் விளக்கம் தேவைப்படவில்லை. பாட்டி சைவம் என்பதால் முட்டையும் இறைச்சியும் சேர்க்காமல் வைத்துக் கொடுத்தாள். இரண்டு கிண்ணம் குடித்தார்.

கசகசாவைப் பார்த்ததும்தான் பாட்டிக்குப் பெரிய ஆச்சரியம். மாகோவியெத்ஸ் என்று ஒரு சுருள் கேக், உள்ளே முழுக்க அரைத்த கசகசா. "குருமாவுக்கு ஒரு சிட்டிகை போட நான் கணக்குப் பாப்பேன், இவுக கிலோக்கணக்குல சுருட்டி வச்சிருக்காக!" பியெரோகியைக் கொழுக்கட்டை என்றே கடைசிவரை சொன்னார். அது சரிதான், உள்ளே முட்டைக்கோசும் காளானும் வைத்த கொழுக்கட்டை.

ஊர் சுற்றிய கதையை நீட்டப் போவதில்லை. ஆனால் ஓர் இடத்தைச் சொல்லாமல் விட முடியாது. வார்சாவில் நல்ல மகாராஜா சதுக்கம் என்று ஒரு பூங்கா இருக்கிறது. நவாநகர் ஜாம்சாகிப் திக்விஜய்சிங்ஜியின் நினைவாக வைத்த பெயர். இரண்டாம் உலகப் போரில் சோவியத் ஒன்றியத்துக்கு நாடு கடத்தப்பட்டுப் பெற்றோரை இழந்த போலந்துக் குழந்தைகள் நூற்றுக்கணக்கானோரை 1942-ல் வரவேற்று, ஜாம்நகருக்கு அருகே பாலாச்சடியில் தங்கவைத்தவர் அவர். இந்த நகரில் ஒரு பள்ளிக்கும் அவர் பெயர் இருக்கிறது. மாணவர்கள்தான் பாட்டியை அங்கே அழைத்துப் போனார்கள். இந்தியாவிலிருந்து வந்த விருந்தாளிக்கு முதலில் காட்ட வேண்டிய இடம் என்று அவர்களே முடிவு செய்திருந்தார்கள்.

செருப்புக்காரி திக்கித் திக்கிக் கதையைத் தமிழில் சொன்னாள். பாட்டி முழுக்கக் கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார். "அத்தன பிள்ளைகளுக்கும் சோறு ஆக்கிப் போட்டாகளா?" ஆமாம் என்றவள், அங்கே வளர்ந்தவர்கள் சொன்ன ஒரு கதையைச் சொன்னாள். குழந்தைகளுக்குக் கீரை பிடிக்கவில்லை, சாப்பிட மறுத்து அடம்பிடித்தார்கள். செய்தி மகாராஜாவுக்குப் போக, இனிமேல் கீரை சமைக்க வேண்டாம் என்று உத்தரவிட்டாராம். பாட்டிக்குக் கண் கலங்கிவிட்டது. "தாயில்லாப் பிள்ளைகள அடம்பிடிக்க விட்டாரு பாத்தியா" என்று என்னிடம் சொன்னார். கொட்டும் பனியில் நின்று கேட்ட அந்த வாக்கியத்தை நான் வகுப்பில் இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறேன். விருந்து என்ற சொல்லுக்குப் பழந்தமிழில் புதுமை என்று பொருள், பிறகுதான் அது புதிதாக வந்தவரைக் குறித்தது, அதற்கும் பிறகு அவருக்கு வைக்கும் சாப்பாட்டை. இதை எல்லா வருடமும் சொல்வேன். அந்த வருடம்தான் அதற்கு உதாரணம் கிடைத்தது.

ஒரு புதன்கிழமை அதே மாணவி என்னிடம் ஒரு புகாரோடு வந்தாள். "நீங்கள் சொன்ன விதி வேலை செய்யவில்லை" என்றாள். பாட்டி அவளிடம் "ஏட்டி, நம்ம வீட்டுல பின்னால ஒரு கெணறு இருக்கு" என்று சொல்லியிருக்கிறார். நம்ம என்றால் கேட்பவரையும் சேர்த்து. ஆனால் பாட்டியின் வீடு திருநெல்வேலிப் பக்கம் இருக்கிறது. தான் அதைப் பார்த்ததே இல்லை. எங்க வீடு என்றல்லவா சொல்ல வேண்டும்? இலக்கணப்படி அவள் கேட்டது நூற்றுக்கு நூறு சரி.

என்ன பதில் சொல்வது என்று உடனே தெரியவில்லை. நானும் அப்படித்தான் பேசுகிறேன். எங்கள் தெருவில் எல்லோரும் அப்படித்தான் பேசுவார்கள். நெருக்கமானவரிடம் "எங்க வீட்டுக்கு வாங்க" என்று சொன்னால் தப்பில்லை, ஆனால் நடுவில் ஒரு சின்ன வேலி இருக்கும். "நம்ம வீட்டுக்கு வாங்க" என்றால் வேலி இல்லை. இதை எந்தப் பாடத்திலும் நான் எழுதியதில்லை. எழுத வேண்டும் என்று தோன்றியதுகூட இல்லை, அவ்வளவு பக்கத்தில் இருந்தது. "பாட்டி தப்பாகச் சொல்லவில்லை. உன்னை அந்த வீட்டில் சேர்த்துக்கொண்டுவிட்டார், அவ்வளவுதான்" என்றேன். அவள் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு அந்தக் கிணற்றில் தண்ணீர் இருக்கிறதா என்று கேட்டாள்.

டிசம்பர் 24 மாலை. விகிலியா, கிறிஸ்துமஸுக்கு முந்தின இரவு. போலந்துக்காரர்களுக்கு வருடத்தின் மிகப் பெரிய குடும்ப இரவு அது. அந்த மாணவியின் அம்மா எங்கள் ஆறு பேரையும் வரச்சொல்லியிருந்தார். அன்று மேசையில் இறைச்சி இருக்காது, பன்னிரண்டு வகை வைப்பது வழக்கம். மீன் ஒரு பக்கம் இருந்தாலும் பாட்டிக்குச் சாப்பிட நிறையவே இருந்தது. முதல் நட்சத்திரம் தெரிந்த பிறகுதான் உட்கார வேண்டும் என்பதால் குழந்தைகள் இரண்டும் ஜன்னலில் காவல் நின்றன. மேசை விரிப்புக்கு அடியில் கொஞ்சம் வைக்கோல். பாட்டி விரிப்பைத் தடவிப் பார்த்து, "வைக்கோலா?" என்று சிரித்தார். இயேசு பிறந்த மாட்டுத்தொழுவத்தின் நினைவு என்று சொன்னதும், "அப்ப சரி" என்று தலையாட்டினார்.

ஒப்வாத்தெக் என்ற மெல்லிய அப்பத்தை ஒருவர் கையிலிருந்து மற்றவர் பிட்டு எடுத்து வாழ்த்துச் சொல்லிக்கொள்ள வேண்டும். மாணவியின் அம்மாவும் பாட்டியும் பிட்டுக்கொண்டார்கள். ஒருவர் போலிஷில், ஒருவர் தமிழில், இரண்டு பேரும் நீளமாகவே பேசினார்கள். யாரும் மொழிபெயர்க்கவில்லை.

பீட்ரூட் சூப் பரிமாறும்போதுதான் பாட்டி கவனித்தார். பத்துப் பேர், பதினோரு தட்டு. ஒரு நாற்காலி காலி. "அது யாருக்கு?" என்றார். மாணவியின் அம்மா பதில் சொன்னார்: 'ஊ நாஸ்' என்று தொடங்கும் ஒரு வாக்கியம். எங்களிடத்தில், நம்மிடத்தில், எங்கள் வீட்டில், நம் வழக்கில் எல்லாமே அந்த இரண்டு சின்னச் சொற்களில் அடங்கும். மாணவி மொழிபெயர்க்க வாயெடுத்து நிறுத்தினாள். அவள் எதை யோசிக்கிறாள் என்று எனக்குத் தெரிந்தது.

"எங்க வீட்ல இது பழக்கம் பாட்டி. யாராச்சும் சொல்லாம வந்தா அவங்களுக்கு. இறந்து போனவங்களுக்குன்னும் சொல்வாங்க."

சரியாகச் சொன்னாள். பாட்டிக்குத் தெரியாத வழக்கம், அதனால் எங்க. பாட்டி அந்தத் தட்டையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். தாத்தா போய் இரண்டு வருடம் ஆகியிருந்தது. பிறகு தன் கிண்ணத்தை எடுத்துக் குடிக்கத் தொடங்கினார். "பீட்ரூட் ரசம் நல்லாருக்கு" என்றார்.

கிளம்பும்போது வாசலில் கம்பளிக் கோட்டுகளை மாட்டிக்கொண்டு நிற்கிறோம். மாணவியின் அம்மா பாட்டியின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு மறுபடியும் 'ஊ நாஸ்' என்று ஏதோ சொன்னார். இந்த முறை மாணவி நிறுத்தவே இல்லை.

"நம்ம வீட்ல எப்பவும் இடம் இருக்காம் பாட்டி."

27-ஆம் தேதி அவர்கள் ஊருக்குக் கிளம்பினார்கள். பாட்டி மாணவியின் வீட்டுக்கென்று முறுக்குச் சுட்டு, ஊரிலிருந்து கொண்டுவந்த எவர்சில்வர் சம்படத்தில் நிரப்பிக் கொடுத்தார். சம்படம் என்ற சொல் எங்கள் பாடப்புத்தகத்தில் இல்லை. இப்போது என் மாணவர்கள் எட்டுப் பேருக்கும் தெரியும். விமான நிலையத்தில் பாட்டி "போயிட்டு வாரேன்ட்டீ" என்றதற்கு, வகுப்பில் இருபது முறை திருத்தியும் "நன்றி, போய் வருக" என்று சொல்லிக்கொண்டிருந்த அந்தப் பையன், "சரி பாட்டி, பாத்துப் போங்க" என்றான்.

ஜனவரியில் முதல் வகுப்பு. மாணவி சம்படத்தை என் மேசைமேல் வைத்தாள். உள்ளே நூலில் கோத்துக் காயவைத்த காட்டுக் காளான், அவள் அம்மா இலையுதிர் காலத்தில் காட்டில் பொறுக்கியது. "வெறும் சம்படம் திருப்பிக் குடுக்கக் கூடாதுன்னு பாட்டி சொன்னாங்க" என்றாள். அது என் சமையலறை அலமாரியில் இருக்கிறது, ஜூனில் ஊருக்குப் போகும்போது எடுத்துப் போகலாம் என்று. போன வாரம் பாட்டியிடம் போனில் இதைச் சொன்னேன்.

"சம்படம் அங்கனயே கெடக்கட்டும்மா. அந்தப் பிள்ள எப்ப வருதாம்?"